வரப்பு தாண்டி வருகிறவர்கள்

நெல்லில் குலைநோய், தென்னையில் வெள்ளை ஈ, சொட்டுநீர் மானியம். இந்த இதழின் கேள்வி பகுதிக்கு வருபவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் செட்டிநாட்டுப் பகுதியில் வயலாய்வுக்குப் போகும்போது, வரப்பில் நின்று விவசாயிகள் என்னிடம் கேட்பதில் பாதி வேறு ரகம். ‘நம்ம கொல்லைக்குள்ள யார் யாரோ வர்றாங்க சார். வேலி போட்டாலும் நிக்கல. என்னதான் செய்யிறது?’

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. வருகிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். காரைக்குடியில் இருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, சிராவயல் வழியாகத் திருப்பத்தூர் வரை ஒருமுறை போய் வந்தால் போதும், எல்லா வகை விருந்தாளிகளையும் பார்த்துவிடலாம்.

ஊர் ஓரம்: பாட்டிலும் குப்பையும்

காரைக்குடி 2024-ம் ஆண்டு மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. ஊர் வளர வளர, ஓரத்தில் உள்ள வயல்களுக்குத்தான் முதல் அடி விழுகிறது. மனைக்கல் நட்ட நிலத்துக்கும் சாகுபடி நிலத்துக்கும் வேறுபாடு தெரியாதவர்கள் சாயங்காலம் ஆனால் பாட்டிலோடு வந்து உட்காருகிறார்கள். குடித்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. பாட்டிலை வரப்புக் கல்லில் உடைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கண்ணாடித் துண்டு சேற்றுக்குள் போய்விட்டால் நடவுக்கும் களைக்கும் இறங்கும் பெண்களின் காலைத்தான் கிழிக்கும். அடிபட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி வருகிறவர்கள் மறைவு தேடி வருகிறவர்கள். சாலையோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள். பார்வை படும் இடத்தில் உட்காருவதில்லை. ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, சாலையை ஒட்டிய கருவேலத்தைத் தூரோடு எடுப்பது. தரைமட்டத்தில் வெட்டினால் மறுபடி தழைத்து இன்னும் அடர்ந்த புதராகிவிடும். எடுத்த இடத்தில் உயிர்வேலி வைக்கலாம். நான்கைந்து பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், பலனும் கூடும்.

குப்பை கொட்டுகிறவர்கள் விஷயத்தில் தேதியோடு எடுத்த புகைப்படம் பேசும். மாநகராட்சிக்குள் வராத ஊராட்சிகளில், கிராம சபையில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். குடியரசு நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபைக்கு நம் ஆட்கள் போகாமல் இருப்பதுதான் பெரிய குறை. தனி ஆளாகச் சண்டை போட்டால் பகை மிஞ்சும். தீர்மானம் என்றால் கோப்பில் நிற்கும்.

பூட்டிய வீடும் தரிசு நிலமும்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் போனால் தெருத் தெருவாகப் பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை. வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறவர்களுக்குக் குறைவில்லை. பல வீட்டுக்காரர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். பார்க்க நேரம் வைத்து, ஓர் ஆளை நிறுத்தி, கட்டணம் வாங்குகிறார்கள். தடுக்க முடியாத வரத்தை ஒழுங்குபடுத்திவிட்டார்கள். சாலையோரத் தோப்பு வைத்திருக்கும் விவசாயிகளும் யோசிக்க வேண்டிய வழி இது. இளநீர், காய்கறி விற்க வாசலில் ஓர் இடம் ஒதுக்கினால், வருகிறவர் வாசலோடு நிற்பார்.

வீட்டைவிட நிலத்துக்குத்தான் ஆபத்து அதிகம். வெளியூரில் இருப்பவர்களின் நிலம் பல வருடமாகத் தரிசாகக் கிடக்கிறது. யாரோ வந்து கரி மூட்டம் போடுகிறார்கள், யாரோ கிராவல் மண் அள்ளுகிறார்கள், பக்கத்து நிலக்காரர் வருடத்துக்கு ஒரு முழம் வரப்பை வெட்டி நகர்த்துகிறார். ‘நம்ம பேர்லதானே பட்டா இருக்கு’ என்று சும்மா இருக்கக் கூடாது. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்களுக்கு எதிராக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், அதை மீட்கும் உங்கள் உரிமையே போய்விடலாம். நீங்கள் அனுமதி கொடுத்து வைத்திருக்கும் காவல்காரரோ குத்தகைதாரரோ இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அதனால்தான் அனுமதியை எழுத்தில் வைக்க வேண்டும் என்கிறோம். உறவுக்காரராக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதில் தவறில்லை.

பாதைப் பிரச்னையும் இப்படித்தான். 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு பாதையை உரிமையாகவே, இடைவிடாமல், வெளிப்படையாக 20 ஆண்டுகள் பயன்படுத்தினால் அது பாத்தியமாகிவிடும். உங்கள் அனுமதியோடு போனால் ஆகாது. ஆகவே, அறுவடை வண்டி போகப் பக்கத்து நிலக்காரருக்கு வழிவிடுவது நல்ல மனசு. ‘என் அனுமதியில் போகிறார்’ என்று எழுதி வைப்பது நல்ல புத்தி. அதேபோல, தலைமுறையாக ஊரார் நடந்த பாதையை ஒரு நாள் காலையில் முள்ளைப் போட்டு அடைக்காதீர்கள். அந்த வழக்கில் நீங்கள் தோற்கும் வாய்ப்பே அதிகம்.

ஒருவர் உங்களை நிலத்தைவிட்டு வலுக்கட்டாயமாக வெளியேற்றிவிட்டால், 6 மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றம் போனால் சுவாதீனத்தை மட்டும் காட்டி நிலத்தைத் திரும்பப் பெற வழி உண்டு. நாள் கடத்தினால் வழக்கு நீளும்.

பொட்டலில் வருகிறவர்கள்

பிள்ளையார்பட்டி தாண்டினால் சிராவயல். பொங்கலை ஒட்டித் தை மாதம் இங்கு நடக்கும் மஞ்சுவிரட்டைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் குறைவு. தொழுவில் இருந்து அவிழ்க்கும் மாடுகள் ஒருபுறம் இருக்க, கட்டுமாடுகளைச் சுற்றிலும் உள்ள பொட்டலிலும் கண்மாயிலும் வயலிலும் அவிழ்த்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் வயலில் இறங்கும். சிங்கம்புணரி பக்கம் அரளிப்பாறையில் மாசி மகத்தன்று இதே காட்சி. அதே தை மாதத்தில் பழநி பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடி வழியாகப் போகும். கோடையில் கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் வலையுமாகப் பத்து ஊர் சனம் ஓடும்.

இவர்களை அத்துமீறியவர்கள் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. நம் வீட்டுப் பிள்ளைகளே அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஆனால் முன்பு எல்லா வயலிலும் ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் அறுத்தார்கள். தையில் வயல் வெறுமையாக இருந்தது. இப்போது மழை தள்ளிப்போனால் விதைப்பும் தள்ளிப்போகிறது. கிணறு உள்ளவர் உளுந்தும் கடலையும் போடுகிறார். பச்சை நிற்கும் வயலில் கூட்டம் இறங்கினால் ஒரு நாளில் ஒரு போகம் போய்விடும்.

இதற்கு வேலி பதில் ஆகாது. ஊர்க் கூட்டம்தான் பதில். திருவிழாத் தேதி குறிக்கும் கூட்டத்திலேயே, பச்சை நிற்கும் வயல்களின் பட்டியலை அம்பலகாரரிடமும் நாட்டாரிடமும் கொடுங்கள். மஞ்சுவிரட்டுக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு முன் வருவாய்த் துறையும் காவல் துறையும் இடத்தைப் பார்க்க வருவார்கள். அப்போது சொன்னால் தடுப்புக் கட்டை உங்கள் வயல் பக்கமும் வரும். மாடு அவிழ்த்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. வரப்பு முனையில் குச்சி நட்டு வைக்கோல் பிரியைச் சுற்றி வைத்தால், இறங்காதே என்று அர்த்தம். எழுத்து தெரியாதவருக்கும் புரியும் அறிவிப்புப் பலகை அது. ஊர்க் கூட்டத்தில் பேசி அதற்கு மறுபடி உயிர் கொடுங்கள்.

ஆடு, மாடு

அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் கிடை போட வந்தால் நாம் கூலி கொடுத்து வரவேற்கிறோம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அதே ஆடு பயிர் நிற்கும்போது வந்தால் எதிரி. பயிரை மேய்ந்த மாட்டை அடித்துக் காலை உடைப்பதும், விஷம் வைப்பதும் குற்றம். செய்தவர்தான் வழக்கில் மாட்டுவார். 1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் இன்றும் இருக்கிறது. பயிரைச் சேதப்படுத்தும் மாட்டை நிலத்துக்காரர் பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவுக்கு அனுப்ப வேண்டும். பல ஊர்களில் தொழுவே இல்லை என்பதும் உண்மை. அங்கே கிராம நிர்வாக அலுவலரை வைத்துச் சேதத்தைப் பார்வையிட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் தொகை பேசி முடிப்பதே நடைமுறை.

இதை மட்டும் செய்யாதீர்கள்

கோபத்தில் சிலர் கம்பி கட்டி, மோட்டார் ஷெட்டில் இருந்து நேராக மின்சாரம் கொடுத்துவிடுகிறார்கள். பன்றிக்கு வைத்தேன், திருடனுக்கு வைத்தேன் என்பார்கள். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து வயல்காரர், புல் அறுக்கப் போகும் பெண், சில நேரம் வைத்தவரின் சொந்த மகன். கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்குச் சிறை. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் மின் திருட்டு வழக்கு தனி. ஒரு மூட்டை நெல்லைக் காக்கப் போய் இரண்டு குடும்பம் அழியும். வேட்டை வெடி, கழுத்து உயரத்தில் இழுத்துக் கட்டும் கம்பி ஆகியவையும் இதே கணக்குதான்.

மின்வேலி வேண்டுமென்றால், அதிர்ச்சி மட்டும் கொடுத்து விலக்கும் சூரிய மின்வேலியைத் தரச்சான்று உள்ள கருவியோடு அமையுங்கள். மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள். காப்புக் காட்டை ஒட்டிய நிலமானால், 2023-ம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு தேவை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு, குற்ற நோக்கத்தோடோ, மிரட்ட, அவமதிக்க, தொல்லை கொடுக்கவோ அடுத்தவர் இடத்தில் நுழைவதைக் குற்றம் என்கிறது. 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்தான். நோக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதால், ‘வராதே’ என்ற பலகையும், ஏற்கெனவே எச்சரித்ததற்குச் சாட்சியும் உதவும்.

செலவு குறைந்த காவல் உயிர்வேலியே. கிளுவைப் போத்துகளைக் கோடை மழைக்கு முன் நெருக்கமாக நட்டால், ஆடு புகாத அடைப்பாகிவிடும். களாக்காய் வைத்தால் முள்ளும் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு. நடுவதற்கு முன் புலப்படம் வாங்கி, சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைச் சரிபாருங்கள். தவறான எல்லையில் வைத்த வேலி அடுத்த தலைமுறைக்கு வழக்காகும்.

ஒரு கண்மாய் சொல்லும் பாடம்

திருப்பத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி கண்மாய்கள். 1977 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்காலத்தில் கொக்கும் நாரையும் வந்து கூடு கட்டும். இந்தப் பறவைகளுக்காக இங்குள்ள மக்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கூட இல்லை. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது விவசாயிக்குத் தெரியும்.

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்குள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கம்பெடுத்துச் சண்டைக்குப் போகவில்லை. கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் கவுல் எழுதி வாங்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனை ஒரு காகிதம் தடுத்தது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஊர் ஒன்றாக நின்றது.

உங்கள் நிலத்தின் பட்டா, சிட்டா, புலப்படம், பதிவு ஆவணம் ஆகிய நான்கையும் இந்த வாரமே எடுத்து ஒரே பையில் வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது வந்து நிலத்தைச் சுற்றி நடங்கள். எல்லைக்கல்லோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பக்கத்து நிலக்காரரின் கைப்பேசி எண் உங்களிடமும், உங்களுடையது அவரிடமும் இருக்கட்டும். ராத்திரி வரப்பில் வெளிச்சம் தெரிந்தால் முதலில் கூப்பிடப் போவது அவர்தான்.