முழு வண்டி

கொட்டாயின் நடுவில் ஒரு பழைய கார் டயர். அதன்மேல் ஸ்பிளெண்டரின் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. சுவரை ஒட்டி வரிசையாகக் கொட்டாங்குச்சிகள். ஒவ்வொன்றிலும் கழற்றிய போல்ட், நட்டு, வாஷர். எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் தரையிலேயே சாக்பீஸால் எழுதியிருக்கிறது: ஹெட், மேக்னெட், கிளட்ச், ஸ்டாண்டு. முன்பு மாடு கட்டிய இடம் இது. தீவனத் தொட்டிக்குள் இப்போது பெட்ரோல் டேங்கும் இரண்டு மட்கார்டும் கிடக்கின்றன.

விழுப்புரத்திலிருந்து தென்பெண்ணையைப் பார்த்துப் போகும் வழியில் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கிளட்ச் மூடியில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டுகிறான். சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வாசற்படியில் அப்பா, முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரிக்கிறார். நான் எதிர்த் திண்ணையிலிருந்து பார்க்கிறேன்.

"பன்னெண்டு எடுறா."

சின்னவன் நீட்டுகிறான்.

"இன்னாடா இது, பத்து. அந்தப் பெரிய ரிங்க எடு."

"அழுக்குல நம்பரே தெர்லண்ணா."

"தொடச்சிப் பாரு, தெரியும்."

சின்னவன் சட்டையிலேயே துடைக்கிறான். அப்பா நிமிர்ந்து சட்டையைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. லைனில் வண்டி நகர்ந்து வரும். அவன் நிற்கிற இடத்துக்கு வந்ததும் முன் சக்கரத்து நட்டு ஒன்றை இறுக்க வேண்டும். கையில் இருக்கும் மெஷின், குறித்த இறுக்கம் வந்ததும் தானே நின்றுவிடும். அடுத்த வண்டி வரும். ஷிப்ட் முழுக்க அதே நட்டு. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வீட்டுக்கு வருகிறவன், ஞாயிறு விடிந்ததும் இந்தக் கொட்டாய்க்குள் நுழைகிறான். இங்கே வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவன் கைக்கு வருகிறது.

வண்டி, 2003-ல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். நம்பர் டி.என். 32. சொசைட்டிக்குப் பால் கேன், வயலுக்கு யூரியா மூட்டை, முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்கு அம்மா, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று எல்லாம் இதில்தான் போய் வந்தது. 15 வருடப் பதிவு முடிந்து, ஐந்து ஐந்து வருடமாக இரண்டு முறை புதுப்பித்தாயிற்று.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டி மழை. அடுத்த ராத்திரி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூர் பக்கம் திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே தண்ணீர் ஓடியது. இந்தக் கொட்டாயில் வண்டி ஹேண்டில்பார் வரைக்கும் முழுகி நின்றது.

வெள்ளம் வடிந்ததும் பெரியவன் போனில் சொன்ன முதல் வார்த்தை, கிக்கரை உதைக்காதீர்கள் என்பது. காற்றை அழுத்துவதுபோலத் தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். சின்னவன் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்தான். அடியில் டிரெயின் போல்ட்டைத் திறந்தால் ஆயில் வெள்ளை வெள்ளையாக வந்தது. டீசல் ஊற்றி, சுற்றி, வடித்து, மறுபடி ஊற்றி, தெளிவாக வரும்வரை அதையே செய்தான். அந்த வாரமே காயலான் கடைக்காரர் தெருவுக்கு வந்தார். ஊரில் முழுகிய வண்டிகள் எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்பாவும் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டார்.

"குடுத்துடாதப்பா. நா வரேன்," என்றானாம் பெரியவன்.

அவன் மனசில் இருப்பது ஸ்கிராம்ப்ளர். தெருவில் ஓடுகிற பைக்கின் சதையைக் குறைத்து, கொஞ்சம் உயர்த்தி, மண்ணுக்கும் கல்லுக்கும் ஏற்றபடி ஆக்குவது. இங்கிலாந்தில் 1920-களில் மேடு பள்ளத்தில் நடந்த பந்தயங்களிலிருந்து வந்த வழக்கம் இது. பந்தயத்துக்கென்று தனி வண்டி கடையில் கிடைக்காத காலம். போகிறவர்கள் தங்கள் தெரு வண்டியிலேயே வேண்டாததைக் கழற்றிப் போட்டு, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். 1962-ல் டேவ் ஈக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரண்டு பேர் ஹோண்டாவின் 250 சிசி ஸ்கிராம்ப்ளரில், மெக்சிகோவின் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை ஏறக்குறைய 1500 கிலோமீட்டரைச் சுமார் 40 மணி நேரத்தில் கடந்தார்கள். வழியில் பெரும்பகுதி பாதையே கிடையாது. இன்றைக்குக் கம்பெனிகளே இந்த உருவத்தைச் செய்து விற்கின்றன. ராயல் என்ஃபீல்டின் ஸ்கிராம் 411 2022-ல் வந்தது, பஜாஜ் தயாரிக்கும் டிரையம்ஃப் ஸ்கிராம்ப்ளர் 400 எக்ஸ் 2023-ல் வந்தது. வந்தபோதே இரண்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். ஒப்பந்தச் சம்பளத்தில் அது ஆகாது. அப்பாவின் வண்டி வீட்டிலேயே இருக்கிறது.

மத்தியானம் பெரியவன் சேஸைத் தனியே எடுத்து முக்காலி மேல் வைக்கிறான். சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டிருக்கும் கம்பியில் சாக்பீஸால் கோடு போடுகிறான். அதை அறுத்துவிட்டால் வண்டி குட்டையாக, படத்தில் பார்த்தது போலவே இருக்கும். கிரைண்டரில் கட்டிங் வீலை மாட்டுகிறான். வயர் செருகியாயிற்று.

அப்பா முறத்தைக் கீழே வைக்கிறார்.

"இன்னா பண்ணப் போற?"

"கொஞ்சூண்டுதாம்ப்பா. பின்னால மட்டும்."

"ரெண்டு மூட்டையும் ஒரு ஆளும் ஏறனாத் தாங்கற கம்பி அது. அறுத்துட்டு எதுல ஒட்டுவ?"

பதில் இல்லை. பெரியவன் ஷாக்கப்சர் மாட்டுகிற இடத்திலிருந்து கோடு வரைக்கும் சாண் போட்டுப் பார்க்கிறான். கழுத்துப் பக்கம் போய், அடித்திருக்கும் சேஸ் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறான். எண்கள் துலங்குகின்றன. கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு வயரைப் பிடுங்கிச் சுருட்டி, மூலையில் வைக்கிறான். எழுதாத ஒரு விதி அந்த மத்தியானத்தில் அந்த வீட்டில் ஏற்பட்டது: போல்ட்டால் மாட்டக்கூடியதை மட்டும் மாற்றலாம், சேஸில் ஒரு கம்பியும் அறுபடாது.

சைலன்சர்தான் பெரிய பாடு. ஸ்பிளெண்டரின் சிலிண்டர் படுக்கைவாக்கில் இருக்கிறது. புகை வெளியேறும் வாய் அதன் அடியில். அங்கிருந்து குழாயை வலப்பக்கம் கொண்டுவந்து மேலே ஏற்ற வேண்டும். கிக்கரும் அதே வலப்பக்கம். முடியாத காரியமல்ல, இதே வகைப் படுக்கை எஞ்சினில் சைலன்சரை மேலே தூக்கி வைத்து ஹோண்டாவே 1960-களில் சி.டி. 90 என்ற வண்டியை விற்றது. பெரியவன் எட்டு எம்.எம். கம்பி ஒன்றை எஞ்சினோடு ஒட்டி ஒட்டி வளைக்கிறான். சின்னவன் கிக்கரை மெதுவாகக் கீழே அழுத்துகிறான். கம்பியில் இடிக்கிறது. கம்பியை இன்னும் வெளியே தள்ளுகிறான். இப்போது தொடையில் படும். இரண்டுக்கும் நடுவில், இரண்டு விரல் போகிற அளவுக்கு ஒரு வழி கிடைக்கும்வரை கம்பி வளைந்து நிமிர்ந்துகொண்டே இருக்கிறது.

அடுத்த வாரம் அந்தக் கம்பி பஸ் ஏறி, விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டித் திண்டிவனம் போகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரிகிற ஊர்; லாரிகளை நம்பி வளர்ந்த பட்டறைகள் அங்கே உண்டு. தர்பூசணிக் குவியல்களைத் தாண்டி உள்ளே போனால், தகரக் கூரைக்கு அடியில், குழாய் வளைத்துக் கொடுக்கும் பாய் உட்கார்ந்திருக்கிறார். கம்பியை வாங்கித் தரையில் படுக்கப்போட்டு ஒரு சுற்று பார்க்கிறார்.

"எந்த வண்டி தம்பி?"

"ஸ்பிளெண்டர், பாய்."

"கிக்கருக்கு வழி உட்டியா?"

"ரெண்டு விரல் உட்டுருக்கேன்."

பாய் தலையாட்டுகிறார். ஒரு முனையில் மரக்கட்டை அடித்த குழாயை நிமிர்த்தி வைத்து, உள்ளே ஆற்றுமணலைக் கொட்டுகிறார். மணல் முந்தின நாளே வறுத்துச் சலித்து வைத்தது. துளி ஈரம் இருந்தாலும் சூட்டில் ஆவியாகி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு அடிக்கும். சுத்தியலால் குழாயைத் தட்டத் தட்ட மணல் இறங்குகிறது; இறங்க இறங்க மேலும் கொட்டுகிறார். இனி இறங்காது என்று ஆனதும் மறுமுனையிலும் கட்டை. பிறகு கேஸ் டார்ச். ஒரு சாண் நீளம் மட்டும் சிவக்கிறது. குழாயை வைஸில் கவ்வவைத்து, உடம்பின் எடையை மெல்லச் சாய்க்கிறார். உள்ளே மணல் தாங்குவதால் குழாய் நசுங்காமல் வளைகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் தரையில் கிடக்கும் கம்பிமேல் வைத்துப் பார்க்கிறார். அவ்வளவு நேரமும் பெரியவனின் கண் அவர் கையை விட்டு அசையவில்லை. கடைசி வளைவுக்கு முன்னால் பாய் டார்ச்சை அவனிடம் நீட்டுகிறார்.

"நீ காட்டு. ஒரே எடத்துல நிக்காத, ஆட்டிக்கினே இரு."

அவன் ஆட்டிக்கொண்டே இருக்கிறான்.

மற்றதெல்லாம் ஞாயிறு ஞாயிறாக நடக்கிறது. பின்னால் ஒரு இஞ்சு நீளமான ஷாக்கப்சர். அதனால் வண்டி உயர்ந்துவிட, சைடு ஸ்டாண்டு எட்டாமல் வண்டி அதிகமாகச் சாய்கிறது. வேறொரு நீள ஸ்டாண்டு தேட வேண்டியிருக்கிறது. அகலமான ஹேண்டில்பார் போட்டதும் கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் போதவில்லை. 2.75 இருந்த இடத்தில் 3.00 பட்டன் டயர். ஸ்விங் ஆர்முக்கும் டயருக்கும் இடையில் விரல் விட்டுச் சுற்றிப் பார்க்கிறான். பின் ஸ்பிராக்கெட்டில் பல் கூட்டியதில் வேகம் குறையும், இழுப்பு கூடும். சின்னவனைச் சீட்டில் உட்காரவைத்துச் செயினின் தொய்வை அடியிலிருந்து தூக்கிப் பார்க்கிறான். முன் மட்கார்டைக் கழற்றியபோது அதன் இரும்புப் பட்டையை மட்டும் திரும்ப மாட்டுகிறான்; இரண்டு ஃபோர்க்கும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளாமல் சேர்த்துப் பிடிப்பது அந்தப் பட்டைதான். சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் குழலை எடுத்துவிடச் சொல்லி ஒரு கூட்டாளி வந்து நிற்கிறான். "ஊருல கொழந்தைங்க தூங்குது," என்று பெரியவன் வேலையைப் பார்க்கிறான்.

கழற்றிய பழைய பாகங்கள் ஆயில் பூசி, சாக்கில் கட்டி, பரணில் ஏறுகின்றன. அதற்குக் காரணம் சட்டம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தப்படி, மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அதனால் இந்த உருவத்தோடு வண்டி சொந்தக் கொல்லையில் மட்டும்தான் ஓடும். அடுத்த புதுப்பிப்புக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது பரணிலிருந்து எல்லாம் இறங்கி, பழைய ஸ்பிளெண்டராகவே போகும். சேஸை அறுக்காததால் அது முடியும்.

முதல் தடவை கிளம்பியதும் ஓட்டியது அப்பா. மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில், வரப்பு வரப்பாக ஏறி இறங்கிப் போய்த் திரும்பினார். "பின்னால கொஞ்சம் தூக்கிக்கினுகீது," என்றார். பெரியவன் ஷாக்கப்சரின் ஸ்பிரிங்கை ஒரு படி இறக்கினான்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலை லைன்களில் ஒரே நட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வண்டியை முழுதாகப் பிரித்து, ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஏன் மாறுகிறது என்று கண்டு, மறுபடி பூட்டி ஓட வைக்கும் படிப்பு அங்கே அவர்களுக்குக் கிடைப்பதில்லை. இந்தக் கொட்டாய்களில் கிடைக்கிறது. பிரிட்டனில் தனி ஆள் வீட்டில் கட்டிய பைக்கை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. பிரேக், விளக்கு, சத்தம், வெல்டிங் எல்லாவற்றையும் பார்த்துச் சான்று கொடுக்கும் அப்படியொரு வழியை இங்கேயும் திறந்தால், திருட்டுத்தனமாக அறுத்து ஒட்டுவது குறையும். ஒழுங்காகச் செய்கிறவனுக்கு மரியாதை கிடைக்கும். போக்குவரத்துத் துறை இதை யோசிக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஓடாமல் நிற்கிற ஒரு வண்டி இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விருப்பம் இருந்தால் ஸ்பேனரை அவன் கையில் கொடுங்கள், அவள் கேட்டால் அவளுக்கும் கொடுங்கள். சேஸை அறுக்கக் கூடாது, பிரேக்கில் விளையாடக் கூடாது என்ற இரண்டை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.