தீப்பெட்டி டாங்கிகள்

துடைப்பம் இளைத்துக்கொண்டே வருவதை முதலில் கவனித்தவள் என் மனைவிதான். "கடைக்காரன் ஏமாத்திட்டானா, இல்ல நீங்களும் உங்க பையனும் ஏதாவது பண்றீங்களா?" என்றாள். சாப்பாட்டு மேசை மேல் இருந்தது பதில். அங்கே அவளுடைய துடைப்பம் பஞ்சாபின் கரும்புக் காடாக நின்றுகொண்டிருந்தது.

மேசைப் போர் புதிய விளையாட்டல்ல. பொம்மை வீரர்களை வைத்து ஆட எச்.ஜி. வெல்ஸ் 1913லேயே விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். அயல்நாட்டு மாடல்களின் விலை என் சம்பளத்துக்கு ஒத்துவராததால், நாங்கள் குப்பைக் கூடையை நம்பினோம்.

தேர்ந்தெடுத்த களம் அசல் உத்தர், 1965 செப்டம்பர். அளவு, 72ல் ஒரு பங்கு. பாட்டன் டாங்கியின் அகலம் சுமார் 3.6 மீட்டர், எங்கள் கணக்கில் 5 சென்டிமீட்டர். தீப்பெட்டியின் நீளமும் ஏறக்குறைய அதுதான். குறுக்குவாட்டில் இரண்டரைப் பெட்டி ஒட்டினால் உடல் தயார். மேலே பாட்டில் மூடி, அதில் காலி ரீஃபில். அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரப்படுத்தி உரித்தால் உள்ளே வரிவரியாகச் சக்கரப் பட்டை. உலர்ந்த டீத்தூள்தான் மண். ஃபெவிகாலை மெல்லியதாகப் பலமுறை பூசிக் காயவிட்டால் தேங்கிய தண்ணீர்.

அந்தத் தண்ணீர் முக்கியம். இந்தியப் படை வயல்களில் நீரைத் திறந்துவிட்டது. பாட்டன்கள் சேற்றில் சிக்கின. கரும்புக்குள் நம் டாங்கிகளும் பீரங்கி பொருத்திய ஜீப்புகளும் பதுங்கியிருந்தன. அப்படியொரு ஜீப்பிலிருந்து பாட்டன்களைச் சுட்டு வீழ்த்திய அப்துல் ஹமீது செப்டம்பர் 10ஆம் தேதி உயிரிழந்தார். மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் பெற்றார்.

அடிபட்ட டாங்கியின் மேல் கரி தடவிய பஞ்சை வைப்பது ஆட்ட வழக்கம். அதுதான் புகை. ஏழாவது பஞ்சை வைக்கும்போது பையன் கேட்டான்: "இதுக்குள்ள எத்தனை பேர்ப்பா?"

"நாலு பேர்."

அவன் பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தான். மாத்திரை அட்டையில் செய்த ஜீப்பின் முறை வந்தபோது பகடையை உருட்ட மறுத்துவிட்டான்.

தமிழ் முதுகலை படித்தவன் நான். பிழைப்பு, செய்தி மொழிபெயர்ப்பு. 'டாங்கிகள் அழிந்தன' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இலக்கணம் சரிதான், டாங்கி அஃறிணை. அந்த அஃறிணைப் பன்மைக்குள் நாலு நாலு பேராக உயர்திணை உட்கார்ந்திருப்பது, தீப்பெட்டி ஒட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை.

சென்ற வாரம் அதே வாக்கியம் மறுபடி மேசைக்கு வந்தது. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மூலச் செய்தியில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. 'அழிந்தன' என்றே எழுதி அனுப்பினேன்.