தாலுகா ஆபீசில் தொடங்கும் கல்லூரி

போளூர்,
சித்திரை 6

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுகிறேன். போன வாரம் உன் அப்பா ஒரு பை முருங்கைக்காயோடு உன் சேதியையும் கொண்டுவந்தான். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் பொறுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்களாமே. "கோடை விடுமுறையில் பிளஸ் டூ போகிற பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடத்தலாமா அத்தை?" என்று நீ போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் பள்ளி மலையடிவாரத்தில் இருக்கிறது. உன் பிள்ளைகளுக்குக் கோடை என்றால் விடுமுறை இல்லை, சம்பாத்தியம். ஜவ்வாது மலைப் பிள்ளைகளில் சிலர் பெற்றோரோடு காப்பித் தோட்டத்துக்குப் போவார்கள். சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு, சிலர் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாற. பத்து நாள் முகாம் என்றால் பத்து நாள் கூலி போச்சு. அவர்களுடைய அம்மாக்கள் உன்னைத் திட்டாமல் இருந்தால் ஆச்சரியம். ஆகவே முகாம் வேண்டாம். நாலு சனிக்கிழமை மட்டும் கேள், அதுவும் காலை வேளை. அந்த நாலு நாளில் செய்ய வேண்டியதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

29 வருஷம் கணக்கு நடத்தியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் கல்லூரிக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் மார்க் இல்லை. ஒரு தேதியோ ஒரு தாளோதான். வசதியான வீட்டில் அந்தத் தேதியை நினைவுபடுத்த ஒரு சித்தப்பா இருப்பார், தாளை வாங்கித் தர ஒரு மாமா இருப்பார். பணத்தைவிடப் பெரிய வசதி அதுதான். உன் பிள்ளைகளுக்கு அந்தச் சித்தப்பாவும் மாமாவும் நீதான்.

முதல் சனிக்கிழமை தாள்களுக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் நாலையும் கொண்டுவரச் சொல். நாலிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயரே முழுசாக ஒட்டியிருக்கும், மூன்றாவதில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். பிளஸ் டூ தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்னால் திருத்தினால் ஒரு மனுவோடு முடியும். பின்னால் திருத்தப் போனால் அலைச்சல் உயிரை எடுக்கும்.

அடுத்தது சான்றிதழ்கள். வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது விஏஓ, ஆர்ஐ என்று படியேறி தாலுகா ஆபீசுக்குப் போகும். ரிசல்ட் வந்த மறுநாள் தாலுகா முழுக்க அங்கேதான் நிற்கும். சர்வர் படுத்துக்கொள்ளும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டில் உள்ள மற்றவர்களின் படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றிருந்தால் அந்த டிசியைத் தேட வேண்டும். கூரை மாற்றியபோது அது எங்கே போனதென்று யாருக்குத் தெரியும்? தேடுவதற்கு இந்த ஏப்ரல்தான் நேரம்.

உன் பள்ளிக்கு இன்னொரு சங்கதி முக்கியம். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை நடக்கும், நாளாகும். மலைப் பிள்ளைகளில் சான்றிதழ் இல்லாதவர்கள் யார் என்று முதல் நாளே கணக்கெடுத்துவிடு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் மத்திய அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் நம் மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதையும் ஏப்ரல் 1-க்குப் பிறகு புதிதாக வாங்கியதாகக் கேட்பார்கள். நல்ல மார்க் எடுத்த பிள்ளை இந்த ஒரு தாள் இல்லாமல் பொதுப்பிரிவில் போட்டி போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை தேதிகளுக்கு. "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்பது நம் ஊர்ப் பேச்சு. அதுதான் கதவைச் சாத்துகிறது. ஜேஇஇ விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே, அக்டோபர் நவம்பர் வாக்கில் வந்துவிடும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடும். நிஃப்ட், தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) நடத்தும் படிப்புகளும் அப்படித்தான். பொதுத்தேர்வு எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் இவையெல்லாம் போயிருக்கும். கிளாட் எழுத முடியாவிட்டாலும் சட்டப் படிப்பு கைவிட்டுப் போகாது என்பதையும் சொல். நம் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்தே சேர்க்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மே மாதம் இணையத்தில் விண்ணப்பம். நீட்டைப் பற்றி நான் எழுதவில்லை. அதைப் பற்றி ஊரே பேசுகிறது. யாரும் பேசாததைத்தான் நீ பேச வேண்டும்.

இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அடுத்து பிளஸ் ஒன் வரப்போகிறவர்களையும் விட்டுவிடாதே. அவர்களுக்கு இரண்டு தேர்வு இருக்கிறது. ஒன்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. தேர்வாகிற 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கிறவரை. இன்னொன்று தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. உன் வகுப்பில் தமிழில் நன்றாக எழுதுகிற பிள்ளை நிச்சயம் இருக்கும். "இங்கிலீஷ் வராது டீச்சர்" என்று அது தலையைக் குனிந்துகொண்டிருக்கும். அதை முதலில் எழுத வை. தமிழாலும் காசு வரும் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அது தலை நிமிரும்.

மூன்றாம் சனிக்கிழமை அவர்களைப் பஸ் ஏற்று. வெகு தூரம் வேண்டாம். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி, முடிந்தால் வேலூர் பாகாயத்தில் இருக்கிற தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொள். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் களப்பயணம் உண்டுதான். ஆனால் அது வரும்வரை காத்திருக்காதே. பெண் பிள்ளைகளோடு அவர்களுடைய அம்மாக்களையும் அழைத்துப் போ. இதை நான் வெகு தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பிள்ளை வகுப்பறையையும் நூலகத்தையும் பார்க்கும். அம்மா பார்ப்பது வேறு. விடுதிக்குக் கதவு இருக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. அந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த அம்மா வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசிக்கொள்வாள். உனக்கு வேலை மிச்சம்.

அப்பாக்களிடம் பேசும்போது பணத்திலிருந்து ஆரம்பி. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்த ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். ரிசல்ட் வந்ததும் ஊருக்குள் சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஆள் வருவான். "எங்க காலேஜ்ல சேருங்க, லேப்டாப் தர்றோம், பஸ் ஃப்ரீ" என்பான். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிக்கொண்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுவான். 7.5 சதவீதமும் போகும், முதல் பட்டதாரிச் சலுகையும் போகும். ஒரிஜினலை எவனிடமும் கொடுக்காதே என்பதை இப்போதிலிருந்தே திருப்பித் திருப்பிச் சொல்.

நாலாம் சனிக்கிழமை, கல்லூரிப் பட்டியல் போடப் பழக்கு. இதில் என் தவறு ஒன்று இருக்கிறது. இதுவரை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

2018-ல் பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு மாறியது. அதுவரை பிள்ளைகள் சென்னைக்கே போய், திரையில் காலியிடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். புது முறை எனக்கும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, சீனியர் டீச்சராயிற்றே. என் மாணவன் ஒருவன் பட்டியலோடு வந்தான். செங்கல் சூளைக்காரர் மகன், கணக்கில் புலி. "எட்டாததை மேலே போட்டு இடத்தைக் கெடுத்துக்காதே. கிடைக்கிற காலேஜை முதல்ல போடு" என்றேன். நான் சொன்னபடியே போட்டான். முதல் விருப்பமாகப் போட்ட அந்தத் தனியார் கல்லூரியே கிடைத்தது. எல்லாரும் லட்டு சாப்பிட்டோம். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது, அவனைவிட இரண்டு மார்க் கட்-ஆஃப் குறைந்த, அதே பிரிவைச் சேர்ந்த பையனுக்கு அரசுக் கல்லூரியில் அதே பாடம் கிடைத்திருக்கிறது என்று. அந்தப் பையன் ஆசைப்பட்டதை மேலே போட்டிருந்தான், அவ்வளவுதான்.

கணினி பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். எது முதலில் கிடைக்கிறதோ அதோடு நின்றுவிடும். எட்டாததை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை, அடுத்ததற்குப் போகும். கிடைப்பதை மேலே போட்டால் அதற்குக் கீழே இருக்கிற நல்லதை அது பார்க்கவே பார்க்காது. கணக்கு டீச்சருக்கு இது தெரியவில்லை. நாலு வருஷம் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்டியது அந்தச் சூளைக்காரர். பையன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான், வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறான். அவன் அப்பாவைப் பார்த்தால்தான் எனக்கு எதிர்ப்பக்கம் போகத் தோன்றுகிறது.

ஆகவே போன வருஷக் கட்-ஆஃப் விவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொய்ப் பட்டியல் போடட்டும். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்கு எத்தனை வரும் என்று அவர்களே போடட்டும். ஏழெட்டுக் கல்லூரியோடு நிறுத்தாமல் நீளமாக எழுதட்டும். பிடித்தது மேலே, பிடிக்காதது கீழே. உனக்குப் புரியாதது வந்தால் புரியவில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லு. பொறியியல் வேண்டாதவர்களுக்கும் வழி காட்டு. பிளஸ் டூவில் அறிவியல் படித்த பிள்ளை பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழி பிஎஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை.

கடைசியாக ஒன்று. ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே இரண்டு மாதம் இருக்கிறதே, அந்த இரண்டு மாதத்தில்தான் பெண் பிள்ளைகளுக்கு ஜாதகம் எடுப்பார்கள். பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பதுதான் காரணம். அப்போது கையில் ஒரு விண்ணப்ப எண் இருந்தால் அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் தயங்காதே, 1098-க்குப் போன் செய். ஊர்ப்பகை வரும் என்பார்கள். வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் நானே வருகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? மாமாவுக்குச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். பிள்ளைகளை ஒன்பது மணிக்கு வரச் சொல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மறக்காமல் எடுத்து வரட்டும். ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினல். பார்த்துவிட்டு அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

அன்புடன்,
அத்தை