கல்லைக் கண்டேன்!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவதில் என் மனைவி, ''திரும்பிடலாங்க'' என்றாள். திரும்பினால் பதினொன்று, ஏறினால் ஒன்பதுதான். ஏறினோம்.

சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட், படகு எல்லாம் முடித்து, ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குள் சும்மா நுழைந்தேன். அங்கே ராபர்ட் புரூஸ் ஃபுட்டின் நினைவிடம்! 1863 மே 30-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். 1912-ல் மறைந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷமாக ஆறாம் வகுப்பில் இவரை ஒரு மார்க் கேள்வியாகவே நடத்தும் வாத்தியார் நான். போன வருஷம் ஒரு பையன், ''அது சாதாரணக் கல் இல்லேன்னு எப்படி சார் தெரிஞ்சுது?'' என்றான். ''பரீட்சைக்கு வராது, உட்காருடா!'' என்றேன். அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை.

விடை சுலபம். ஆற்றில் உருண்ட கல் வழவழப்பாக இருக்கும். மனிதன் செதுக்கியதில் சில்லு பெயர்ந்த தழும்பு வரிசையாக இருக்கும்; விளிம்பு கூராக இருக்கும். எனக்கே அன்று தெரியாது. அதைச் சொல்லத்தான் கூச்சம்.

ஜூனில் முதல் வகுப்பு மைதானத்தில்தான். தெரியாததற்கு, ''தெரியலப்பா, பார்த்துச் சொல்றேன்'' என்பதாகவும் தீர்மானம்.

இறங்கும்போது மனைவி கேட்டாள்: ''பையில என்னங்க இவ்ளோ கனம்?''

''ரெண்டு கல். உருண்டது ஒண்ணு, உடைஞ்சது ஒண்ணு.''

ஏழாவதுக்குப் போய்விட்ட அந்தப் பையனுக்கு!