மூக்கு வண்டி

செங்கம் ரோட்டில் இன்று போகிற லாரி எல்லாவற்றுக்கும் சப்பை முகம்தான். எழுபதுகளில் திருவண்ணாமலையில் வளர்ந்த எங்களுக்கு, லாரி என்றால் அதற்கு மூக்கு இருக்கும்; கேபினுக்கு முன்னால் நீண்டிருக்கும் எஞ்சின் கூடு அது. டாட்ஜ், ஃபார்கோ, பெட்ஃபோர்டு என்று எத்தனையோ ஓடின. ஆனாலும் ராஜா, பென்ஸ் வண்டிதான். டாடாவும் டெய்ம்லர் பென்ஸும் 1954-இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் செய்த வண்டி அது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து, முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ வந்தது. அதற்கப்புறமும் வெகுகாலம் எங்கள் ஊர்க்காரர்கள் அதை பென்ஸ் என்றுதான் சொன்னார்கள்.

என் மாமா அந்த வண்டியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கியவர். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு. அங்கிருந்து பம்பாய் லைன். ஊர் திரும்பினால் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் பானெட்டைத் தூக்குவார். மட்காட் மேல் ஏறிக் குனிந்தால் எஞ்சின் முழுதும் கைக்கு எட்டும். எங்கே எண்ணெய் கசிகிறது, எந்தப் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வீட்டுச் சேதி விசாரிப்பார். எஞ்சினின் சூடு அவருக்கு முன்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சீட்டும் முன் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளி இருந்ததால், பள்ளத்தில் விழுந்தாலும் அடி நேராக இடுப்புக்கு வராது.

மூக்கின் குறையும் எங்களுக்குத் தெரியும். பம்பருக்குக் கிட்டத்தில் ஓர் ஆடு படுத்திருந்தால் டிரைவர் கண்ணுக்குப் படாது. தேரோடும் வீதியில் சந்தைக் கூட்டத்துக்குள் வண்டியைத் திருப்ப வேண்டுமானால், கிளீனர் இறங்கி முன்னால் நடந்து, கையால் தட்டித் தட்டி வழிகாட்டியாக வேண்டும். “வா, வா, வா... ஓல்டேய்!” என்ற அந்தக் குரல் எங்கள் தெருக் குரல்களில் ஒன்று.

மூக்கை எடுத்தது மல்லாட்டைதான் என்று மாமா சொல்வார். மிகையாகத் தோன்றலாம், கணக்கு அதுதான். எங்கள் பக்கத்துச் சரக்கு, தோலோடு மூட்டை கட்டிய வேர்க்கடலை. எடை ஏறுவதற்கு முன்பே பாடியில் இடம் தீர்ந்துவிடும். எஞ்சினை டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஏற்றிவிட்டால், அதே நீள சேஸில் பாடிக்குப் பல அடி கூடுதலாகக் கிடைக்கும். எண்ணூர் லேலண்டுகள் அப்படித்தான் வந்தன. டாடாவும் அந்த வழிக்கு வந்தது. முதலாளிகளுக்கு அந்த அடிகள் ஒவ்வொரு நடையிலும் காசு.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கேயும் முன்பு வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் வரம்பு போட்டிருந்ததால் சப்பை முக லாரிகள் பெருகின. 1982-இல் தேசிய நெடுஞ்சாலைகளில் அந்த மொத்த நீள வரம்பை நீக்கி, டிரெய்லர் நீளத்தை மட்டும் பார்த்தார்கள். மூக்குக்குத் தனியாக விலை இல்லை என்றானதும் டிரைவர்கள் கேட்ட நீள மூக்கு திரும்பி வந்தது. இங்கே பம்பரிலிருந்து வால் வரை அளப்பதால், மூக்கு வைத்தால் லோடு குறையும்.

மாமா கடைசியில் ஓட்டியது சப்பை வண்டி. ஆடும் தெரிந்தது, குழந்தையும் தெரிந்தது, திருப்பமும் சுலபம். கிளீனர் முன்னால் நடக்கிற வேலையும் குறைந்தது. ஆனால் எஞ்சின் பெட்டி அவர் இடது தொடையை ஒட்டி இருந்தது. சித்திரை வெயிலில் அதன் மேல் கோணி மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டினார். எஞ்சினைப் பார்க்கக் கேபினை முன்னால் சாய்க்க முடியாத வண்டி ஆகையால் ரிப்பேர் என்றால் சீட்டுக்குப் பக்கத்திலேயே மூடியைத் திறந்து வேலை பார்ப்பார்கள். படுக்கிற இடமெல்லாம் கிரீஸ். “முன்னாடி எஞ்சின் போவும், நாம பின்னாடி போவோம். இப்ப எதுல மோதுனாலும் முதல்ல நம்ம முட்டிதான்டா” என்பார்.

ஜல்லியும் மண்ணும் அடிக்கிற டிப்பர்களில்தான் மூக்கு நெடுநாள் தங்கியது. கேபின் சாய்கிற வண்டிகள் வந்து மெக்கானிக்குகளுக்கு விடிவு பிறந்தது. டிரைவரின் சூட்டுக்கு வழி பிறக்க இன்னும் நாளாயிற்று: 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. மூக்கோடு டிரைவருக்கு இருந்த இடத்தை லோடுக்குக் கொடுத்தவர்கள், அதற்கு ஈடாக அவருக்குத் தந்த முதல் பொருள் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மாமா இருந்திருந்தால் அதிலும் குறை கண்டிருப்பார். “கண்ணாடிய ஏத்திட்டா எஞ்சின் இன்னா சொல்லுதுன்னு எப்படிடா கேக்கும்?” என்றிருப்பார். கேட்டுவிட்டு, ஏசியையும் போடச் சொல்லியிருப்பார்.