கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கேக்க கதை யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனது. "பறங்கியன் கட்டினதைத் திருத்த ஏன் காசு?" என்றார் கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர்.

போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்ததுதான். ஆனால் அந்த முருகைக்கல் எங்கட கடலுடையது.

உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 முற்றுகையோடு நொறுங்கியது. போருக்குப் பிறகு நெதர்லாந்து உதவியில் மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயம் அப்படியே கிடக்கிறது. அதே சிலுவை வடிவில், கொட்டாஞ்சேனைப் பக்கம் உல்ஃபெண்டால் தேவாலயம் 1757இலிருந்து முழுசாக நிற்கிறது. போய்ப் பாருங்கோ, அந்தச் சுவர்த் தடிப்பை!

அதைப் பார்த்துக் கோட்டைக்குள்ளும் புதிதாக எழுப்பலாமே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1981இல் எரித்த யாழ்ப்பாண நூலகம் வேறு. பிள்ளைகள் படிக்க வேண்டும், கட்டத்தான் வேண்டியிருந்தது. அங்கேயும் எரிந்த தடம் வெள்ளைச் சுவருக்குள் மறைந்துதான் போனது. ஆராதனைக்கு ஆளில்லாத கோட்டைக்குள் புதுச் சுவர் எதற்கு? விழுந்த கற்களுக்கு இலக்கமிட்டு, மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்து, எப்படி விழுந்தது என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கட்டும். தமிழில் எழுத்துப்பிழை இல்லாமல், தயவுசெய்து.