கிரியா? கேரியா? — கீழ் கோத்தகிரியில் ஒரு நாள்

பிரயாணம் செய்வதில் இரண்டு விதம் உண்டு. கண் மட்டும் போய் வருவது ஒன்று. காதையும் உடன் அழைத்துச் செல்வது மற்றொன்று. முதல் வகைப் பிரயாணத்துக்குப் பணமும் வண்டியும் போதும். இரண்டாவதற்கு அந்த ஊரில் பிறந்து, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மனிதர் ஒருவர் வேண்டும்.

இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஸீயெனா, அஸிஸி போன்ற புராதனமான மலை நகரங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள், பரீட்சையில் தேறி உரிமைச் சீட்டுப் பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கென்று அமர்த்திக் கொள்கிறார்கள். எந்தக் கல் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, எந்தத் தெருவில் எந்தத் தொழிலாளர் வசித்தனர் என்பதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டபடியே நடக்கிறார்கள். நம் நாட்டிலோ, நீலகிரிக்கு ஏறிச் செல்லும் குடும்பங்களில் பெரும்பாலானவை வண்டியோட்டி நிறுத்திய இடத்தில் இறங்கி, பத்து நிமிஷம் பள்ளத்தை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக் கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பி விடுகின்றன. மலையைப் பார்த்தாகிவிட்டது, மலையில் உள்ளவர்களைப் பார்க்கவில்லை.

ஆகவே, சென்ற கோடை விடுமுறையில் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு நாள் போய் வருவதென்று தீர்மானித்தபோது, நாங்கள் முதலில் தேடியது வண்டியை அல்ல, வழிகாட்டியைத்தான். எங்கள் கோஷ்டியில் உபாத்தியாயர்கள் மூவர். எங்களில் ஒருவருடைய மனைவி. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவர்கள் குமாரி. வழிகாட்டியாகக் கிடைத்த பெரியவர் அந்தப் பக்கத்து ஹட்டி ஒன்றில் பிறந்த படகர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் கடிதப் பையுடன் நடந்தவருக்குத் தெரியாத வீடும் உண்டா, பாதையும் உண்டா? கூலியை முன்கூட்டியே பேசி முடித்துக் கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். அங்கிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். பெரியவர் கோத்தகிரியில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

முதல் வீடு

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் 1819-ஆம் வருஷம் ஜனவரி மாதம் இம்மலைக்கு வந்து, பின்னர் இங்கே இந்த வீட்டைக் கட்டினார். நீலகிரியில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு இதுவே என்று சொல்லப்படுகிறது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்த கட்டிடத்தைச் செப்பனிட்டு, மலையின் வரலாற்றைச் சொல்லும் படங்களையும் பத்திரங்களையும் அதில் வைத்திருக்கிறார்கள்.

படங்களைப் பார்த்துக்கொண்டே வந்த குழந்தை திடீரென்று, “தாத்தா! ஸல்லிவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?” என்று கேட்டாள்.

பெரியவர் சிரித்தார். “கண்டுபிடித்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்கள் இருந்தார்கள், பாப்பா” என்றார்.

உபாத்தியாயர்களாகிய எங்கள் மூவருக்கும் அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. “உதகமண்டலத்தைக் கண்டுபிடித்தவர் யார்?” என்ற கேள்வியைப் பரீட்சைத் தாளில் கேட்டு, “ஸல்லிவன்” என்று எழுதிய பிள்ளைகளுக்கு முழு மார்க் கொடுக்கிற தேசம் அல்லவா நம்முடையது?

உண்மை என்ன? ஹொய்ஸள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் 1117-ஆம் வருஷத்துக் கல்வெட்டிலேயே தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகப் பெருமை பேசிக் கொள்கிறான். ஸல்லிவன் வருவதற்கு எழுநூறு வருஷங்களுக்கு முன்பே மலைக்குப் பெயரும் இருந்தது, மலையில் மனிதரும் இருந்தனர். 1603-இல் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்த ஃபெனிஷியோ என்னும் பாதிரியார் தோடரையும் படகரையும் கண்டு எழுதி வைத்திருக்கிறார். அவர் இத்தாலி தேசத்தவர்! நாம் இத்தாலியின் மலை நகரங்களை வியப்பதற்கு வெகு காலம் முன்னரே இத்தாலியர் ஒருவர் நம் மலையை வந்து பார்த்துச் சென்றிருக்கிறார். அப்புறம் 1812-லும் 1818-லும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் வந்து போனார்கள். மலைவாசிகளின் கால்கள் தேய்த்து வைத்திருந்த தடங்கள் அவர்களுக்கு முன்பே இருந்தன.

ஸல்லிவனைக் குறை சொல்லுவது நமது நோக்கமன்று. இந்த நிலம் தோடருடையது என்று தமது மேலதிகாரிகளிடமே வாதாடியவர் அவர். “நான் கண்டுபிடித்தேன்” என்று அவருடைய பேரால் நாம்தான் பாடம் நடத்திக் கொண்டிருக்கிறோம்.

இது பெயர்களின் விஷயத்திலும் நடந்திருக்கிறது. அரவேணுவுக்கு அருகிலுள்ள அழகிய நீர்வீழ்ச்சியை உலகம் ‘காதரீன் அருவி’ என்று அறியும். இப்பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்ட காக்பர்ன் என்பவருடைய மனைவியின் பெயர் அது. படகர் வழங்கும் பெயர் ‘கெத்தெஹாட ஹள்ளா’ என்பதாகும். மலையடிவாரத்து ஓடை என்று அதற்குப் பொருள். அருவியின் இருப்பிடத்தையே சொல்லும் பெயர் எங்கே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெயர் எங்கே!

கோடநாட்டின் விளிம்பில்

கோத்தகிரியை விட்டுப் புறப்படும்போது லாங்வுட் சோலையின் ஓரமாக நிறுத்தச் சொன்னார் பெரியவர். நூற்றுப் பதினாறு ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலையை 2024-ஆம் வருஷம் ஸர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ‘ராம்ஸார்’ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். “தேயிலைக்குத் தண்ணீர் வராது, தண்ணீர் வருவது சோலையிலிருந்துதான். கீழே உள்ள ஊர்களெல்லாம் இந்த மரங்களை நம்பித்தான் அடுப்பு மூட்டுகின்றன” என்றார்.

கோடநாட்டில் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே மாயாறு வெள்ளி நூல் போல் வளைந்து ஓடுகிறது. ஆற்றங்கரையில் தெங்குமரஹடா கிராமத்தின் வயல்கள் பச்சைப் பாய் விரித்தாற்போல் தெரிகின்றன. அது 1948-இல் கூட்டுறவு விவசாயச் சங்கம் ஏற்படுத்திப் பயிர் செய்யத் தொடங்கிய ஊர். மாயாறு கிழக்கே போய்ப் பவானியோடு சேரும் இடம் இப்போது பவானிசாகர் நீர்த்தேக்கம். அந்த நீருக்கடியில் தண்ணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. நீலகிரியை அடக்கியவன் என்று பட்டம் சூட்டிக் கொண்ட மாதவ தண்ணாயக்கனின் கோட்டை அது. 1955-இல் அணை கட்டி முடிந்த பின் கோட்டை போயிற்று. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோயில் தலை காட்டும். மலையை அடக்கியவன் நீருக்குள் அடங்கிவிட்டான்!

கிழக்கே ரங்கசுவாமி சிகரமும், அதனருகே சுமார் நானூறு அடி உயரத்துக்குத் தனித்து நிமிர்ந்த ரங்கசுவாமித் தூணும் தெரிந்தன. காரமடையில் குடியிருந்த ரங்கநாதர், தேவியாரோடு பிணங்கிக்கொண்டு தனியாக இந்தச் சிகரத்துக்கு வந்துவிட்டாராம். அவர் நடந்து வந்ததற்கு அடையாளமாக, அரக்கோட்டுக்கு அருகே பாறையில் இரண்டு பாதச் சுவடுகள் உண்டு என்கிறார்கள். இதைக் கேட்ட எங்கள் நண்பரின் மனைவியார், “பிணங்கிக் கொண்ட புருஷர்களுக்கு மலை ஏறும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது” என்றார். நண்பர் தொலைவில் தெரிந்த மேகங்களை வெகு கவனமாகப் பார்க்கலானார்.

சிகரத்தில் ரங்கசுவாமிக்குப் பூஜை செய்யும் உரிமை இருளர்களுடையது. படகர்களும் ஏறிச் சென்று வணங்குகிறார்கள். “நாங்கள் தேங்காய் கொண்டு போவோம், அவர்கள் பூஜை செய்து கொடுப்பார்கள். அந்த மலையில் அவர்கள்தான் ஐயர்மார்” என்று சொல்லிப் பெரியவர் கை கூப்பினார்.

கோத்தர் தெரு

கோடநாட்டிலிருந்து திரும்பிக் கிளைப் பாதையில் கீழ் கோத்தகிரியை அடைந்தபோது பகல் ஒரு மணி. எங்கும் தேயிலை, இடையிடையே சில்வர் ஓக் மரங்கள், சரிவுகளில் கூடையும் கையுமாகப் பெண்கள் கொழுந்து பறித்துக் கொண்டிருந்தனர். பெரியவரின் உறவினர் வீட்டில் கேழ்வரகுக் களியும் அவரைக் குழம்பும் எங்களுக்காகத் தயாராக இருந்தன. பட்டணத்து ஹோட்டல்களில் எவ்வளவு கொடுத்தாலும் அந்த ருசி கிடைக்காது.

சாப்பிட்டபின் எங்களில் ஒருவர், “கோத்தகிரி என்றால் கோத்தர்களின் மலை என்பதுதானே அர்த்தம்?” என்று கேட்டார்.

“கிரி அல்ல, ஸார், கேரி. கோத்தர் கேரி. கேரி என்றால் தெரு” என்றார் பெரியவர்.

கோத்தர்களின் ஊர்கள் மொத்தம் ஏழு. ‘கோக்கால்’ என்று அவற்றைச் சொல்வார்கள். கீழ் கோத்தகிரி அந்த ஏழில் ஒன்று. கோத்தர்கள் தங்கள் மொழியில் அதைக் ‘கினார்’ என்று வழங்குகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் கேரிகள் உண்டு. ஒரே கேரியில் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் மணப்பதில்லை. தெருவைக் குறித்த சொல் எழுத்தில் ஏறியபோது மலையாகி விட்டது. தெருவில் குடியிருந்தவர்கள் மறைந்து போனார்கள். கிரி என்றால் காட்சி. கேரி என்றால் மனிதர்கள். ஓர் எழுத்துப் பிசகியதில் இவ்வளவு இருக்கிறது.

இந்த மக்கள் செய்த தொழில்கள் கொஞ்சமல்ல. ஆண்கள் இரும்படித்தார்கள், மரவேலை செய்தார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். விழாவானாலும் சாவானாலும் அவர்களுடைய குழலும் பறையும் கொம்பும் ஒலித்தன. கோத்தர் கருவி கொடுத்தனர். படகர் தானியம் கொடுத்தனர். தோடர் நெய் கொடுத்தனர். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டு வந்தனர். 1930-ஆம் வருஷங்களை ஒட்டி இந்த ஏற்பாடு முறிந்துவிட்டது.

“ஏன் முறிந்தது?” என்று கேட்டோம்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கடைச் சாமான் மலிவாக வந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் நாங்கள்தான், ஸார். எங்கள் தாத்தா வீட்டு அரிவாள் கோத்தர் அடித்தது. சட்டி கோத்தர் பெண் வனைந்தது. அப்படியிருந்தும் அவர்களை எங்களுக்குக் கீழே என்று வைத்தோம். பிற்பாடு அவர்கள் வாத்தியமே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டோம். இதை நான் மறைத்துச் சொன்னால் உங்களிடம் கூலி வாங்குவது நியாயமாகாது” என்றார்.

தன் ஜனங்களின் பெருமையை மட்டும் சொல்லுகிற வழிகாட்டி எங்கும் கிடைப்பார். குறையையும் சொல்லுகிறவர் கிடைப்பது அபூர்வம்.

கோத்தர் குடியிருப்பின் எல்லையில் அவர் நின்று, காலணிகளைக் கழற்றச் சொல்லி, உள்ளே சென்று உத்தரவு கேட்டு வந்தார். வீடுகளின் பக்கம் போகலாம், கோயில் வெளிக்குள் போகலாகாது, படம் எடுக்கலாகாது என்று பதில் கிடைத்தது. அப்படியே நடந்து கொண்டோம். ஒரு மூதாட்டி எங்களுடன் வந்த குழந்தையை அழைத்து, தம் மொழியில் ஏதோ கேட்டார். பாதி புரிந்தது. புரியாமலிருக்குமா? கோத்த மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. அதற்கு எழுத்து இல்லை. ஆனால் 1935 முதல் 1938 வரை இம்மலையில் தங்கியிருந்த எமனோ என்ற அறிஞர், சுள்ளி என்னும் கோத்தர் சொல்லச் சொல்லக் கதைகளைக் குறித்துக் கொண்டு, 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். கலிபோர்னியாவிலுள்ளவர்கள் படிக்கிற கோத்தர் கதையை, கோயமுத்தூரில் பாடம் நடத்துகிற நாம் கேள்விப்பட்டதுகூட இல்லை!

பார்க்காமல் விட்ட இடம்

கீழ் கோத்தகிரிக்கு அப்பால் கரிக்கையூர்க் காட்டில் ‘பொறிவரை’ என்னும் பாறைக் குகை இருக்கிறது. அதில் ஆதி மனிதர் தீட்டிய ஓவியங்கள் ஏராளம். தமிழ்நாட்டிலுள்ள பெரிய பாறை ஓவியத் தலங்களில் அது ஒன்று. அதைப் பார்க்க வேண்டுமென்ற ஆவல் எங்களுக்கு அளவு கடந்திருந்தது. வனத்துறையின் அனுமதியின்றி அழைத்துப் போக மாட்டேன் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “முன்பு வந்தவர்கள் ஓவியத்தின் மேல் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஸார். படித்தவர்கள்தான் கிறுக்கினார்கள், படிக்காதவனுக்குத்தான் பெயர் எழுதத் தெரியாதே!” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

மாலையில் பனி இறங்கத் தொடங்கியது. பெரியவரை அவருடைய ஹட்டியில் இறக்கிவிட்டு மலையிலிருந்து இறங்கினோம்.

நேயர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுதான். நீலகிரிக்குப் போகிறவர்கள் ஒரு நாளையாவது இந்தக் கிழக்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். 2024-ஆம் வருஷம் மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு ஏற்பட்டது. புறப்படுமுன் அதை விசாரித்துக் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வண்டிக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதியை அவ்வூர் மனிதர் ஒருவருக்குக் கொடுத்து, அவரை வழிகாட்டியாக அமர்த்திக் கொள்ளுங்கள். மலையில் படித்துவிட்டு வேலை தேடிச் சமவெளிக்கு இறங்குகிற இளைஞர்கள் எத்தனையோ பேர். இருளரிலும் கோத்தரிலும் படகரிலும் குறும்பரிலும் சிலருக்கு இத்தாலியில் போல் முறையான பயிற்சியும் உரிமைச் சீட்டும் கொடுத்தால், அவர்களுக்கு ஜீவனமும் ஆகும். பாறை ஓவியங்களுக்குக் காவலும் ஆகும்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைத் தாளில் இனி அந்தப் பழைய கேள்வியைக் கேட்க வேண்டாம். “ஸல்லிவன் வந்தபோது நீலகிரியில் வாழ்ந்தவர்கள் யார் யார்? அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன கொடுத்து, என்ன பெற்று வாழ்ந்தனர்?” என்று கேட்போம். பதில் எழுத மாணவர்களுக்குச் சிறிது அதிக நேரம் ஆகும். ஆகட்டுமே!